நெட்டுக்கு அம்மை போட்டிருக்கு

செய்தி வந்தபோது மணி பதினொன்று பதினேழு. லேப்டாப்பின் கீழ்மூலையில் அந்த எண்தான் இருந்தது. திரையில் அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்த டீம் லீட் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றார். நெட் போய்விட்டது. ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப்பால் கவ்வி வைத்திருந்த உன் ஃபோன் அதிர ஆரம்பித்தது. அதில் ‘அம்மை’ என்று வந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன்.

பதினொன்று பதினேழு என்பது ஃபோன் வந்த நேரமா, செய்தி வந்த நேரமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டும் ஒன்றல்ல. காதில் விழுந்ததற்கும் உள்ளே போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. சேர்ந்துவிட்டதா என்பதே சந்தேகம்தான். என் வேலையில், ஒன்றை அனுப்பினால் மறுமுனை ‘கிடைத்தது’ என்று ஒரு பதில் போடும். அந்தப் பதில் வராதவரை அனுப்பியது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்தச் செய்தி இப்போதும் அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது.

இன்றைக்கும் உன் ஃபோனைத்தான் லேப்டாப்போடு இணைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஃபைபர் லைன் வந்துவிட்டது. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியும் அதில் பச்சை விளக்கும் இருக்கின்றன. நாம் இரண்டு வருடம் ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று கேட்டுக்கொண்டிருந்த அதே லைன். நல்ல வேகம். இருந்தும் காலையில் உன் ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போடுகிறேன். அது ஓடினால் ஃபோன் சூடாகும். சூடானால் அந்த ரப்பர் உறையிலிருந்து வாசனை வரும். காய்ச்சின தேங்காய் எண்ணெய் வாசனை. தலைக்குத் தேய்த்த கையோடு நீ ஃபோனை எடுப்பாய், நான் வேண்டாம் என்பேன். உறை ஆறிக் கிடக்கும்போது ஒரு வாசனையும் இல்லை. மூக்கோடு ஒட்டி வைத்தாலும் இல்லை. சூடாக வேண்டும். அதற்காகவா ஃபைபரை விட்டுவிட்டு இதில் வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து பூதப்பாண்டிக்கு வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? வாடகை வீடு. பின்பக்கம் வயல், அதற்கப்பால் தாடகை மலை. மலை அழகாக இருக்கிறது என்று பார்த்து வீட்டைப் பிடித்தவன் நான். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், டவர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வந்த பிறகுதான் தெரிந்தது, என் சிம்முக்கு வீட்டுக்குள் ஒரு கோடுகூட நிற்காது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று சென்னை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நின்றேன். நீ அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

“எனக்க ஃபோன்ல நாலு கோடு நிக்கே. அதுல இருந்து எடுத்துக்கிட முடியாதா?”

முடியும் என்றேன். உன் ஃபோனையே மோடம் ஆக்கிவிடலாம், லேப்டாப் அது வழியாகப் போகும் என்று விளக்கினேன்.

“அப்பம் ஃபோனுக்கு ஃபோன் வேலை கிடையாதா?”

“ரெண்டு வேலையும் பாக்கும்.”

“என்ன மாதிரி,” என்றாய்.

நீ அப்போது குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பாட வீடியோக்களுக்கு வைத்திருந்த நெட் முழுவதும் என் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தது. “நான் பரீட்சையில தோத்தா அதுக்குக் காரணம் உங்க டீம் லீடாக்கும்” என்று சொல்வாய். ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது ‘ஓசி’ என்று வைத்தாய். பாஸ்வேர்ட் வலுவாக இருக்க வேண்டும் என்று நான் வகுப்பெடுத்தேன். நீ கேட்டுவிட்டு ‘புட்டும்பயறும்பப்படமும்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தாய்.

“நீளமா இருக்குல்லா. யாரு கண்டுபிடிப்பா?”

“இந்த ஊர்ல எல்லாவனும் முதல்ல இதத்தான் போட்டுப் பாப்பான்,” என்றேன்.

“போட்டா போடட்டும். பசிச்சு வந்தவன்னு நெனச்சுக்கிடுகேன்.”

ஃபோன் வழியாக லேப்டாப் வெளியே போகும்போது ஒன்று நடக்கும். அதை உன்னிடம் சொன்னேனா என்று நினைவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு லேப்டாப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஃபோனின் முகவரி மட்டும்தான் தெரியும். லேப்டாப் கேட்பதையெல்லாம் ஃபோன் தன் பெயரில் கேட்டு வாங்கி, பின்னால் திரும்பிக் கொடுக்கும். அப்படியானால் இரண்டு வருடமாக நான் அனுப்பிய வேலை, மெயில், சண்டை எல்லாம் உன் பெயரில்தான் போயிருக்கிறது. சாதாரண விஷயம், கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தது. இப்போது அதை யோசித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் ஃபோன் பழையது. பேச்சையும் நெட்டையும் ஒரே நேரத்தில் தாங்காது. யாராவது கூப்பிட்டால் பேச்சுக்கு வழிவிட்டு நெட் நின்றுவிடும். வைத்த பிறகுதான் திரும்ப வரும். உன்னை ஒழுங்காகக் கூப்பிடுவது ஒரே ஆள். மண்டைக்காட்டில் உன் அம்மா காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு, பதினோரு மணிக்குக் கட்டிலில் சாய்ந்ததும் உன்னைக் கூப்பிடுவார். எனக்குக் கூட்டமும் பதினோரு மணிக்கு. தினமும் கூட்டத்தின் நடுவில் நான் காணாமல் போவேன். நீ அடுக்களையிலிருந்து வந்து, கிளிப்பைக் கழற்றி ஃபோனை எடுத்துக்கொண்டே சொல்வாய்:

“நெட்டுக்கு அம்மை போட்டிருக்கு.”

நம் ஊரில் அம்மா அம்மைதான். ஃபோன் போடுவதும் போடுவதுதான். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஒரு நாள் நெட் திரும்ப வந்ததும், டீம் லீட் எங்கே போனீர்கள் என்று கேட்க, பழக்கத்தில் “அம்மை போட்டாச்சு சார், அதான்” என்று சொல்லிவிட்டேன். அவர் சேலத்துக்காரர். “அடடா, உங்களுக்கா, வீட்ல யாருக்காவதா? லீவு எடுத்துக்கங்க. வேப்பிலை கிடைக்குதா அங்க?” என்றார். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் உன் அம்மா எதையோ மறந்துவிட்டு மறுபடியும் கூப்பிட, நெட் மறுபடியும் போனது. அவர் நான் படுத்தே விட்டேன் என்று முடிவு செய்து, மாலையில் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியே போக வேண்டாம்’ என்று மெயில் அனுப்பினார். மறுநாள் நான் விளக்கிச் சொல்ல, அலுவலகமே சிரித்தது. நீ அதை உன் அம்மாவிடம் சொன்னாய். அதன்பிறகு அவர் கூப்பிட்டதும் முதலில் “மாப்பிளைக்கு நான் எறங்கிட்டனா?” என்றுதான் கேட்பாராம்.

கேட்பாராம் என்றுதான் எழுத முடிகிறது. அவர் உன்னிடம் பேசியதை நான் கேட்டதில்லை. அந்தப் பத்து நிமிடமும் எனக்கு வேலை இல்லை. நான் எழுந்து அடுக்களைக்கு வருவேன். நீ தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு சாயா ஆற்றுவாய். நான் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் அந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவேன். கண்ணால் ‘சீனி போதுமா’ என்று கேட்பாய். உன் பாதிப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்கும். “ஆமா.” “இல்லம்ம.” “மீனு என்ன, அயிலையா, சாளையா?” “அவளுக்கு அதுதான் வேணும்.” “சாப்பிட்டாவ, சாப்பிட்டாவ. புட்டும் பயறும்.” எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று நானாக யூகித்துக்கொள்வேன். நாம் இருவரும் பேசிக்கொள்ளாத பத்து நிமிடம் அது. உன்னோடு இருந்ததில் எது அதிகம் நினைவில் நிற்கிறது என்று பார்த்தால் அதுதான் நிற்கிறது.

ஒரு நாள் ஃபோனை நோண்டியபோது, இந்தக் கோளாறைச் சரிசெய்யும் அமைப்பு உள்ளேயே இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு பொத்தான். அதைத் திருப்பினால் அழைப்பு வந்தாலும் நெட் நிற்காது. பெருமையாக உன்னிடம் காட்டினேன். மறுநாள் பதினோரு மணிக்கு உன் அம்மா கூப்பிட்டார், நெட் நிற்கவில்லை, கூட்டம் பாட்டுக்கு நடந்தது. சாயங்காலம் நீ ஃபோனைக் கொண்டுவந்து மடியில் போட்டாய்.

“அந்தச் சவத்த பழைய மாதிரியே ஆக்கி வையுங்க.”

“ஏன், நல்லாத்தான வேல செய்யுது?”

“நல்லா வேல செய்யுது. சாயா ஆறிப் போச்சு.”

பழையபடி ஆக்கி வைத்தேன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

மாசியில் கோயில் கொடை விழாவுக்கு நீ மண்டைக்காட்டுக்குக் கிளம்பினாய். எனக்கு அந்த வாரம் அலுவலகத்தில் நெருக்கடி, வர முடியாது. ஃபோனை நீ எடுத்துப் போனால் எனக்கு நெட் கிடையாது. நான் லேப்டாப்போடு நாகர்கோவிலில் ஒரு நண்பனின் அறைக்குப் போய்விடுகிறேன் என்றேன்.

“எதுக்கு? அங்க அம்மைக்க ஃபோன் இருக்கு. எனக்கு யாரு கூப்பிடப் போறா? கூப்பிடுகதே அவதான். அவகூடத்தான் இருக்கப் போறேன்.” கிளிப்பில் இருந்த ஃபோனைத் தட்டிவிட்டு, “பதினோரு மணிக்கு கட் ஆவாது. நாலு நாளைக்கு நிம்மதியா வேல பாருங்க,” என்று சொல்லி பஸ் ஏறினாய்.

மூன்று நாள் கட் ஆகவில்லை. நான்காவது நாள் பதினொன்று பதினேழுக்கு ‘அம்மை’ என்று வந்தது. நீதான் அவர் ஃபோனிலிருந்து கூப்பிடுகிறாய் என்று நினைத்துத்தான் சிரித்தேன். சாயா குடித்தியளா என்று கேட்பாய் என்று எடுத்தேன்.

உன் அம்மாவிடம் இருப்பது பொத்தான் ஃபோன். அதில் நான்தான் சுருக்க எண் போட்டுக் கொடுத்தேன். இரண்டை அழுத்திப் பிடித்தால் நீ. மூன்றை அழுத்திப் பிடித்தால் நான். அவர் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இரண்டை அழுத்தினார்.

“ஏட்டி மக்களே, உன்ன உள்ள வச்சிருக்காவட்டி. என்ன உள்ள விடமாட்டேங்காவ. டாக்டர் என்னமோ இங்கிலீசுல சொல்லுகாரு. நீ போயிட்டேன்னு நர்சு சொல்லுகா. எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. நீ வந்து என்னன்னு கேளுட்டி. வேகம் வா.”

ஆஸ்பத்திரி, பேங்க், தாலுகா ஆபீஸ் எங்கே போனாலும் அவருக்குக் கேட்டுச் சொல்கிற ஆள் நீதானே.

“மாமி,” என்றேன். “அவ அங்கதான இருக்கா?”

“ஆமா, இங்கதான் இருக்கா. அதுதான் சொல்லுகேன். நீ வா.”

வைத்துவிட்டார். நெட் திரும்ப வந்தது. திரையில் உறைந்திருந்த முகங்கள் அசைந்தன. யாரோ, “என்ன, மாமியார் வந்தாச்சா?” என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்று சொன்னேன். லேப்டாப்பை மூடினேனா இல்லையா என்று தெரியாது. இரவு வந்து பார்த்தபோது மூடியிருந்தது.

காலையில் தலைவலி என்று படுத்திருக்கிறாய். அம்மா சுக்கு அரைத்துக்கொண்டு வருவதற்குள் நினைவு போய்விட்டது. தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார் டாக்டர். எல்லோரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஃபோன் அவ கையில இருந்திருந்தா? நானும் அதைத்தான் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் அம்மா இருந்தார். அடுத்த வீட்டில் ஆட்டோ இருந்தது. உடனே கொண்டு போயிருக்கிறார்கள். ஃபோன் இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. எங்கே பிழை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதில் ஒரு பிழையும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

உன்னை இங்கே கொண்டுவந்த அன்று உன் மாமா ஐஸ் பெட்டிக்காரனுக்கு ஃபோன் போட்டுக்கொண்டே வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தார். “சவம், டவரே நிக்கல்ல” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சட்டென்று நின்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நெட்டையும் கேஸ் அடுப்பையும் என்னையும் நீ திட்டிய சொல்தானே அது. நம் வாயில் அதற்கு ஒரு அர்த்தமும் இருந்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் உன் ஃபோனை எடுத்துக் கொடுத்து, “மாமா, இதுல இருந்து பேசுங்க, இதுல கிடைக்கும்” என்றேன். அவர் அதை வாங்கி, ஐஸ் பெட்டிக்குச் சொன்னார். அந்த அழைப்பும் உன் பெயரில்தான் போனது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஃபைபர்காரர் வந்தார். “மோடம் எங்க வைக்கட்டும்?” என்று கேட்டார். சுவரைக் காட்டினேன். துளை போட்டுக்கொண்டே ஜன்னல் கம்பியில் தொங்கிய ஃபோனைப் பார்த்தார்.

“இவ்வளவு நாளும் இதுலயா ஓட்டினிய?”

“ஆமா.”

“சூடாயிருக்குமே. பேட்டரி போயிரும் சார். இனி இதுக்கு ரெஸ்ட் குடுங்க.”

மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். ஃபைபரில் முதல் கூட்டம். பதினோரு மணி. எல்லோருடைய குரலும் மிகத் தெளிவாகக் கேட்டது. நடுவில் உன் ஃபோன் அதிர்ந்தது. அம்மை. கூட்டம் நிற்கவில்லை. யாருக்கும் தெரியாது. நான் மைக்கை அணைத்துவிட்டு ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன். ‘மாமி’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“ஏட்டி, இன்னைக்குத் தண்ணி வரல்ல. குடம் எல்லாம் காலி. வடக்குவீட்டுக்காரி ரெண்டு குடம் தந்தா. அவ மொவ பிரசவத்துக்கு வந்திருக்கா. உன்னக்காட்டிலும் ரெண்டு வயசு கொறவு...”

பத்து நிமிடம் பேசினார். நான் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. “செரி, வைக்கட்டா” என்று வைத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து நான் ஃபைபரை விட்டு உன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிட்டேன். அவர் கூப்பிட்டதும் நெட் நிற்கிறது. நான் எழுந்துபோய் ஸ்டூலில் உட்காருகிறேன். டீம் லீட் இப்போது ஒன்றும் கேட்பதில்லை.

இத்தனை நாள் உன் பாதிப் பேச்சைத்தான் கேட்டேன். இப்போது மற்றப் பாதி கிடைக்கிறது. அவர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் இடம் விடுகிறார், நீ பதில் சொல்லும் அளவுக்கு. அந்த இடத்தில் எனக்கு உன் குரல் கேட்கிறது என்று எழுதினால் அது பொய். கேட்கவில்லை. ஆனால் எந்தப் பதில் அங்கே வரும் என்று எனக்குத் தெரிகிறது. ‘அயிலையா, சாளையா’ எதற்கு வந்தது, ‘அவளுக்கு அதுதான் வேணும்’ எவளுக்கு வேண்டும் என்று நீ சொன்னது, எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? என் குழப்பம் இதுதான். மாதத்துக்கு ஒரு தடவை நான் மண்டைக்காட்டுக்குப் போகிறேன். அங்கே அவர் தெளிவாகத்தான் இருக்கிறார். “வாருங்க மாப்பிள, மெலிஞ்சு போனியளே” என்கிறார். உன் படத்துக்குப் பூ வைக்கிறார். விளக்கு ஏற்றுகிறார். காலையில் பேசிய அழைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்பதில்லை. என்னோடு பேசுவதென்றால் மூன்றை அழுத்தலாம். ஆனால் நான்தான் முன்பு சொல்லியிருக்கிறேன், ‘வீட்டுக்குள்ள எனக்கு டவர் கிடையாது மாமி, ரெண்டையே அழுத்துங்க’ என்று. அதனால்தான் இரண்டை அழுத்துகிறாரா? அப்படியானால் உன்னைக் கூப்பிடுகிற ‘ஏட்டி’ எதற்கு? ‘ஏட்டி’ என்பது வாய்ப்பழக்கமா? இரண்டு விதமாகவும் கணக்கு சரியாக வருகிறது. இரண்டு விதமாகவும் சரியாக வரும் கணக்கை என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உன் தம்பிக்கு அந்தக் குழப்பம் இல்லை. மஸ்கட்டிலிருந்து அவன் வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். அடுத்த வீட்டுக்காரர்கள் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“அத்தான், அம்ம தினமும் அக்காக்க நம்பருக்குப் பேசிட்டு இருக்கா. நீங்க எடுக்கியளாமே?”

“ஆமா.”

“எடுத்து என்ன சொல்லுகிய?”

“ஒண்ணும் சொல்லல்ல.”

“அத்தான், நீங்க படிச்சவிய. அந்த நம்பர நிப்பாட்டுங்க. கூப்பிட்டா போகல்லன்னாதான் அவளுக்கு மனசிலாவும். இப்படியே விட்டா புத்தி பேதலிச்சிரும். உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுகேன்.”

அந்த சிம் அவன் ஊரில் இருந்தபோது உனக்கு வாங்கித் தந்தது. ரீசார்ஜ் போடுவதும் அவன்தான், முடியப் போகிறது என்று தகவல் அவனுக்குத்தான் போகும். நேற்று மறுபடியும் கூப்பிட்டான். “நாளைக்கு முடியுகு. நான் போடல்ல. நீங்களும் போட்டுராதிய. தானா நின்னுரட்டும். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.” யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் சொல்வதில் தப்பு இல்லை. அவன் அக்காவைத்தான் அவனும் இழந்திருக்கிறான். அம்மாவையும் இழந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறான். நம்பர் நின்றால் அவர் தெளிவாரா, இன்னும் உடைவாரா? எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை. வாசனைக்கு சிம் வேண்டாம், ஃபைபரில் இணைத்து ஏதாவது படம் ஓடவிட்டாலே ஃபோன் சூடாகிவிடும் என்றுகூட யோசித்தேன். இப்படியெல்லாம் யோசிக்கிற ஆளாக நான் எப்போது ஆனேன் என்று புரியவில்லை.

இன்று பதினோரு மணிக்கு நெட் நின்றது. இதுதான் கடைசி அழைப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

“ஏட்டி, இன்னைக்கு நல்ல சாளை கெடச்சுது. மாங்கா போட்டு வச்சிருக்கேன். உனக்குத்தான் பிடிக்கும், எனக்கு எங்க எறங்குகு. மியாவ்னு காலச் சுத்துன பூச்சக்குப் போட்டேன். அதுவும் மோந்து பாத்துட்டுப் போச்சு, சவம்.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். அவரும் நாக்கைக் கடித்தாரோ என்னவோ. வழக்கமாக விடுகிற இடத்தைவிட இது நீளமாக இருந்தது. பிறகு கேட்டார்.

“மாப்பிள சாப்பிட்டாவளாட்டி?”

உன்னிடம் அவர் தினமும் கேட்ட கேள்வி இதுதான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் காத்திருந்தார். ‘சாப்பிட்டேன் மாமி’ என்று சொன்னால் எல்லாம் தெளிவாகிவிடும். உன் தம்பிக்கும் நல்லது. கடைசி இரண்டு எழுத்துதான் வித்தியாசம். என் வாயில் வந்தது அது இல்லை, நீ சொல்கிற பதில்.

“சாப்பிட்டாவ,” என்றேன்.

என் குரல்தான். ஆண்குரல். அதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

“என்னது?”

“புட்டும் பயறும்.”

காலையிலிருந்து நான் எதையும் தின்னவில்லை.

“கொள்ளாம், நல்லது,” என்றார். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. “பப்படம் பொரிக்கல்லியா?”

“பொரிச்சாச்சு.”

“கொள்ளாம். அப்பம் வைக்கட்டா மக்களே? நெட்டு போயிருக்கும்லா.”

வைத்துவிட்டார்.

மக்களே என்று அவர் உன்னையும் கூப்பிடுவார், என்னையும் கூப்பிட்டிருக்கிறார், தெருவில் போகிற பிள்ளையையும் கூப்பிடுவார். அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நெட் போயிருக்கும் என்று தெரிந்தவர், யாருடைய நெட் என்று தெரியாமலா இருப்பார்? அல்லது நீ ஏசுவாயே, ‘பதினோரு மணிக்குக் கூப்பிடாத அம்ம, அவியளுக்கு நெட்டு போகுகு’ என்று, அந்த ஞாபகமா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவர் இடம் விட்டார், இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு பதில் போய் விழுந்தது.

எழுந்து உன் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டேன். போட்ட பிறகுதான் போட்டுவிட்டேன் என்று தெரிந்தது. இது சரியா என்று கேட்காதே. அவருக்காகவா, எனக்காகவா என்றும் கேட்காதே. நெட் திரும்ப வந்திருந்தது. அடுப்பைப் பற்றவைத்து சாயா போட்டேன். சீனி கூடிவிட்டது. பப்படம் இரண்டு கிடந்தது, பொரித்தேன். சொன்னதில் அதாவது உண்மையாகட்டும் என்று.

இதை எழுதும்போது ஃபோன் லேப்டாப்புக்குப் பக்கத்தில் கிளிப்பில் இருக்கிறது. நல்ல சூடு. எண்ணெய் வாசனை கொஞ்சம் குறைந்துகொண்டு வருகிறதோ என்று ஒரு சந்தேகம். இருக்கலாம். இது தீர்ந்த பிறகும் பதினோரு மணி வரும், ஸ்டூல் இருக்கும், இரண்டை அழுத்துகிற விரல் ஒன்று மண்டைக்காட்டில் இருக்கும். ‘சாப்பிட்டாவ’ என்று யாரைப் பற்றிச் சொன்னேன் என்று எனக்கே தெளிவில்லாத அந்த ஒரு சொல் என்னிடம் இருக்கும். என்னிடம் உன்னுடையதாக மிஞ்சியிருப்பது இவ்வளவுதான் என்று தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம்.

உன் தம்பிக்கு ரீசார்ஜ் ஆன தகவல் போயிருக்கும். மேசை மேல் என் ஃபோன் வாட்ஸ்அப்பில் மூன்று தடவை அடித்துவிட்டது. உன் ஃபோன் ஓடட்டும். என்னுடையதை அணைத்துவிட்டேன்.